இன்பச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் பயணம் என்பது பொருள். ஓரிடத்தினின்று மற்றோர் இடத்திற்குச் செல்லுதல் செலவு எனப்பட்டது. இக்காலத்திலோ அச்சொல் கைப்பொருள் கழிவதையே பெரிதும் குறிக்கின்றது. இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்தும் செயல் ஒன்று உண்டு. இளங்குழந்தைகளை அழைத்துக்கொண்டு தொலைவிலுள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றிற்குச் சென்று வருதலே அது. அச்செலவில் பணம் கழிதல் உறுதி. இன்பம் விளைதல் மட்டும் உறுதியன்று. அது திட்டமிடுவோரின் அறிவையும் அன்பையும் பொறுத்தது.

இத்தகைய பூங்காக்களுள் உலகப் புகழ் பெற்றது, அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாந்து. அதனை அமைத்தவர் வால்ட் டிஸ்னி என்னும் திரைப்படக் கலைஞர். அவருக்குப் பெண்மக்கள் இருவர். விடுமுறை நாள்களில் அவர் அவ்விருவரையும் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கிரிஃபித் பூங்காவிற்கு அழைத்துச் செல்வார். குழந்தைகள் குடைராட்டினத்தில் ஏறிச் சுற்றுவர். தந்தை ஒரு பலகையில் தனியே அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். ‘குழந்தைகள் மகிழப் பெற்றோர் வாளா இருப்பதா? இருவரும் ஒருங்கே கூடி மகிழ ஓர் இடம் வேண்டாவா?’ என்னும் எண்ணம் அப்பலகையில்தான் தமக்குத் தோன்றியதாக அவர் பிற்காலத்தில் கூறினார். அந்த எண்ணமே, ஆரஞ்சு மரங்கள் நிறைந்திருந்த 160 ஏக்கர் நிலத்தில் டிஸ்னிலாந்தாக உருப்பெற்றது.

1955ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் அப்பூங்கா திறக்கப்பட்டது. ஏறத்தாழ ஓராண்டுக் காலம் இரவு பகலாகத் திட்டமிட்டும் உழைத்தும் உருவாக்கிய பூங்கா அது. ஆயினும் அந்நாளில் நேர்ந்த இடர்கள் பல. போலி அழைப்புச் சீட்டுகளுடன் எண்ணற்றோர் உள்ளே புகுந்தனர். புதிதாகப் போட்ட தார்ப்பாதை கடும் வெயிலில் இளகி, மகளிரின் காலணிகளைப் பற்றிக்கொண்டது. குழாய்ப் பணியாளரின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் நீர் வரவில்லை. எனினும் டிஸ்னி தளர்ந்தாரல்லர். குறைகளை ஒவ்வொன்றாகக் களைந்தார். பின்னர் 1971இல் புளோரிடா மாநிலத்திலும், 1983இல் டோக்கியோ நகருக்கு அருகிலும் அவர் பெயர் தாங்கிய பூங்காக்கள் எழுந்தன. திட்டம் என்பது கல்லில் பொறித்த எழுத்தன்று. திருத்திக்கொள்ளுதற்கு உரியது என்பதை அந்த முதல் நாளே உணர்த்திற்று.

பூங்காவை அமைத்தவருக்கு நேர்ந்த இடர், பூங்காவைக் காணச் செல்வோருக்கும் நேரும். அதனைத் தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையால் அறியலாம்.

கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் கணிப்பொறித் தொழில் செய்யும் இளைஞர் ஒருவர் தம் குடும்பத்துடன் வாழ்ந்து வருகிறார். ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியும் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனும் அவருக்கு மக்கள். பேரக்குழந்தைகளைக் காண அவருடைய அன்னையார் தஞ்சையிலிருந்து வந்திருந்தார். அந்த ஆண்டுக் கோடை விடுமுறையில் அனைவரும் டிஸ்னிலாந்து செல்வது என்று முடிவாயிற்று. சான் ஹோசேயிலிருந்து அனஹைம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவு.

தந்தை பல இரவுகள் விழித்திருந்து ஒரு கால அட்டவணை வரைந்தார். காலை எட்டு மணி முதல் இரவு பத்து மணி வரை, ஒரே நாளில் காண வேண்டியவை இருபத்திரண்டு. ஒவ்வொன்றிற்கும் நிமிடக் கணக்கு உண்டு. “நுழைவுச்சீட்டின் விலை சிறிதன்று. கொடுக்கும் பணத்திற்கு ஒன்றையும் விட்டுவிடலாகாது” என்று அவர் பெருமிதத்துடன் அந்தத் தாளை அன்னையாரிடம் காட்டினார்.

அன்னையார் கண்ணாடியை அணிந்து முழுவதையும் படித்தார். “எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறாய், தம்பி. இதில் குழந்தை உறங்கும் நேரம் எது?” என்று வினவினார்.

மகன் தாளை மேலும் கீழும் நோக்கினார். இருபத்திரண்டு வரிகளுள் உறக்கத்திற்கு ஒரு வரியும் இல்லை.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அவை வேந்தன் பகைமேற் செல்லுதற்குக் கூறியவை. ஆயினும், குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு வீட்டு வாயிலைக் கடக்கும் பெற்றோருக்கும் அம்மூன்றும் வேண்டுவனவே. அன்றிரவு அந்தக் குடும்பத்தார் கூடி அமர்ந்து, பழைய தாளை மடித்து வைத்துவிட்டு, புதிதாக எண்ணத் தொடங்கினர்.

முதலில் எண்ணியது வலிமை. ஐவர் செல்லும் பயணத்தில் வலிமையின் அளவு, வலியவரின் அளவன்று. ஐவருள் மெலியவரின் அளவே. நான்கு வயதுக் குழந்தை பெரியவரோடு ஒக்க நெடுந்தூரம் நடத்தல் இயலாது. ஆகவே தள்ளுவண்டி ஒன்று வேண்டும் என்று தாய் கூறினார். முழங்கால் வலி உடைய பாட்டிக்கு, இடையிடையே அமர்ந்து இளைப்பாற நேரம் ஒதுக்கப்பட்டது.

அப்பூங்காவில் ஸ்பேஸ் மவுண்டன் என்னும் விளையாட்டு ஒன்று உண்டு. இருள் சூழ்ந்த கூடத்தினுள் வளைந்தும் தாழ்ந்தும் விரையும் ரோலர் கோஸ்டர் வண்டி அது. 102 சென்டிமீட்டர் உயரம் இல்லாதோர் அதில் ஏறலாகாது என்பது விதி. தாய் மகனைச் சுவரருகே நிறுத்தி அளந்தார். 97 சென்டிமீட்டர் இருந்தான்.

“கனத்த காலணி அணிவித்தால் சற்று உயர்வானே!” என்றார் தந்தை.

“காலணி உயரும், குழந்தை உயருமா? இருக்கையில் உடலைத் தாங்கிப் பிடிக்கும் கம்பி, அந்த அளவு வளர்ந்தவர்களுக்கென்றே அமைக்கப்பட்டது. சிறிய உடல் அதில் நழுவக்கூடும். விதி நம் குழந்தையைத் தடுப்பதற்காக ஏற்பட்டதன்று; காப்பதற்காக ஏற்பட்டது” என்றார் தாய்.

அன்றே சிறுவனை மடியில் இருத்தி, “இவ்வண்டியில் நீ இன்னும் ஏற இயலாது, வளர்ந்தபின் ஏறலாம்” என்று கூறினர். அவன் சிறிது அழுதான், பின்னர் மறந்தான். வரிசையில் நின்று, வாயிலை அடைந்து, அங்கே அளவுகோலின் முன் தடுக்கப்பட்டிருப்பின் அந்த அழுகை எளிதில் அடங்கியிராது. ஏமாற்றத்தையும் முன்னரே வீட்டில் ஆற்றிவிடுதல் திட்டத்தின் ஒரு பகுதியாகும். இத்தகைய குடும்பங்களுக்கென்று அப்பூங்காவில் நல்லதோர் ஏற்பாடும் உண்டு. பெற்றோருள் ஒருவர் மூத்த குழந்தையுடன் வண்டியில் செல்ல, மற்றவர் இளைய குழந்தையுடன் வெளியே காத்திருப்பார். பின்னர் அவர் நெடிய வரிசையில் மீண்டும் நில்லாமலே தம் முறைக்குச் செல்லலாம்.

அடுத்து எண்ணியது காலம். “பள்ளி நடைபெறும் நாள்களில் சென்றால் கூட்டம் குறைவு” என்றார் தந்தை. “பாடத்தை விடுத்துப் பெறும் இன்பம் வேண்டா” என்று தாய் மறுத்தார். கோடை விடுமுறையிலேயே, வார இறுதியை விலக்கி, ஒரு செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தனர். வாயில் திறக்கும் முன்னரே சென்று நிற்பது. வெயிலும் கூட்டமும் மிகாத முற்பகலில் வேண்டியவற்றைக் காண்பது. பதினொரு மணிக்கு விடுதிக்குத் திரும்புவது. உண்டு உறங்கி, மாலையில் அதே நுழைவுச்சீட்டுடன் மீண்டும் செல்வது. இவ்வாறு அந்த நாள் இரு கூறாயிற்று. இருபத்திரண்டு காட்சிகள் ஏழாகக் குறைந்தன.

மூன்றாவது இடம். பகலில் திரும்பி வருதல் வேண்டுமாயின் விடுதி அண்மையில் இருத்தல் வேண்டும். ஆதலின், வாடகை சற்று மிகுதியாயினும், பூங்காவிற்கு நடந்து செல்லும் தொலைவில் ஒரு விடுதியில் அறை பெற்றனர். பூங்காவின் வரைபடத்தை விரித்து, கழிவறை, நிழல், குழந்தைகளுக்கான பேணகம் ஆகியவை உள்ள இடங்களைக் குறித்துக்கொண்டனர். பிரிய நேரின் அனைவரும் அரண்மனையின் முன் கூடுவது என்று முடிவு செய்தனர். தந்தையின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைச் சிறுவனின் மணிக்கட்டில் கட்டுவது என்றும் உறுதி செய்தனர். “வழி தவறினால் ஓடாதே, கண்ணே. மார்பில் பெயர்ப்பட்டை அணிந்த பணியாளரிடம் சென்று உன் கையைக் காட்டு” என்று பாட்டி நாள்தோறும் கதைபோலக் கூறிப் பழக்கினார்.

குறித்த நாள் வந்தது. முற்பகல் இனிதே கழிந்தது. பறக்கும் யானை வடிவ ஊஞ்சலில் சிறுவன் சுற்றினான். தந்தையும் சிறுமியும் ஸ்பேஸ் மவுண்டனில் சென்று வந்தனர். ஐவரும் ஒரே படகில் அமர்ந்து, பல நாட்டுக் குழந்தைகளின் உருவங்கள் பாடி ஆடும் காட்சியைக் கண்டனர். 1964ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அமைக்கப்பெற்றுப் பின் அனஹைமுக்குக் கொண்டுவரப்பட்டது அது. அந்தப் படகிற்கு உயர அளவு இல்லை. ஆதலால் பேரனும் பாட்டியும் அருகருகே அமர்ந்து மகிழ்ந்தனர்.

மணி பதினொன்றாயிற்று. திட்டப்படி திரும்ப வேண்டிய நேரம். ஆனால் தந்தையின் உள்ளத்தில் பழைய தாள் மீண்டும் தலைதூக்கியது. “இன்னும் ஒன்றே ஒன்று, எங்கே வரிசை குறைவு என்று பார்க்கிறேன்” என்று அரண்மனையின் அருகே நின்று கைப்பேசியை நோக்கினார். தாயும் மகளும் குடிநீர் கொணரச் சென்றிருந்தனர். பாட்டி சற்றுத் தொலைவில் ஒரு பலகையில் அமர்ந்திருந்தார். தந்தை தலை நிமிர்ந்தபோது தள்ளுவண்டி வெறுமையாக இருந்தது.

அந்நிலையில் அவர் பட்ட துன்பம் சொல்லும் தரத்தன்று. ஆயிரம் முகங்கள் அவரைக் கடந்து சென்றன. அவர் தேடிய முகம் அவற்றுள் இல்லை. பெயர் சொல்லி அழைத்தார். இசையிலும் இரைச்சலிலும் அவர் குரல் கரைந்தது. இருபத்திரண்டு காட்சிகளும், கொடுத்த பணமும், ஒழுங்காக வரைந்த அட்டவணையும் அந்நேரத்தில் அவருக்கு ஒரு துரும்பாயின. சில நிமிடங்களே சென்றன; அவருக்கோ அவை ஓர் ஊழியாகத் தோன்றின. அப்போது அவர் கையிலிருந்த கைப்பேசி ஒலித்தது.

அரண்மனையைச் சூழ்ந்த அகழியின் ஓரத்தில் சிறுவன் நின்றுகொண்டிருந்தான். அருகே பெயர்ப்பட்டை அணிந்த பெண்மணி ஒருவர் நின்றார். பாட்டி கற்பித்தவாறே அவன் அவரிடம் தன் கையைக் காட்டியிருக்கிறான். தந்தை ஓடிச்சென்று அவனைத் தழுவிக்கொண்டார். சிறுவனோ அச்சம் சிறிதும் இன்றி, நீரைச் சுட்டிக்காட்டி, “அப்பா, இந்த வாத்துகளும் சீட்டு வாங்கிக்கொண்டுதான் வந்தனவா?” என்று கேட்டான்.

அகழியில் வாத்துகள் சில நீந்திக்கொண்டிருந்தன. அவற்றை அங்கே யாரும் காட்சியாக வைக்கவில்லை. எந்த அட்டவணையிலும் அவை இடம்பெறவில்லை. தந்தை கைப்பேசியைப் பைக்குள் இட்டார். மகனருகே தரையில் அமர்ந்தார். “இல்லை, கண்ணா. இவை சீட்டு இல்லாமலே வந்தவை” என்றார். தாயும் சிறுமியும் பாட்டியும் வந்து சேர்ந்தனர். ஐவரும் நெடுநேரம் அந்த வாத்துகளையே பார்த்திருந்தனர். பின்னர் விடுதிக்குத் திரும்பி உறங்கினர். அன்று மாலை, ஏழு காட்சிகளுள் இரண்டு எஞ்சி நின்றன. அவற்றை விட்டதற்காக ஒருவரும் வருந்தவில்லை.

ஊர் திரும்பிய பின், மிகவும் பிடித்தது யாது என்று பாட்டி வினவினார். சிறுமி, இருளில் விரைந்த வண்டி என்றாள். சிறுவன், அப்பாவோடு பார்த்த வாத்துகள் என்றான்.

வாத்துகளைக் காண 600 கிலோமீட்டர் செல்ல வேண்டுமோ என்று சிலர் நகைக்கலாம். ஆனால் சிறுவன் குறிப்பிட்டது வாத்துகளை மட்டும் அன்று. தந்தையையும் சேர்த்தே குறிப்பிட்டான். தனியே பலகையில் அமர்ந்திருந்த தந்தை ஒருவர் விரும்பியதும் அதுவே அன்றோ? பெற்றோரும் பிள்ளைகளும் ஒரே காட்சியை ஒருங்கிருந்து காணுதலே அத்தகைய பூங்காவின் பயன்.

திட்டமிடுதல் வேண்டும். திட்டம் இல்லையேல் குழந்தையின் கையில் அந்தப் பட்டை இல்லை. பாட்டி கற்பித்த பாடமும் இல்லை. ஆனால் நல்ல திட்டம் எல்லாவற்றையும் அடைத்து வைப்பதன்று. எதனை விடுவது என்று தெளிவது. மிகச் சிறியவரின் அடியை அளவாகக் கொண்டு, உறக்கத்திற்கும் பசிக்கும் இடம் வைத்து, எண்ணாமல் வரும் இன்பத்திற்கும் சிறிது நேரத்தை ஒதுக்கி வைத்தல் வேண்டும். அவ்வாறு அமைந்த செலவே இன்பச் செலவு.