உடன் வாசிக்கும் கை

நல்ல குரல் அமைவது இறைவன் அளிக்கும் கொடை. அக்குரலுக்கு ஏற்ற தபேலாக்காரர் அமைவதோ தேடிப் பெற வேண்டிய பேறு. மீலாது மேடைகளிலும் திருமண வரவேற்புகளிலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஆர்மோனியம் வாசித்து வருபவன் என்ற முறையில் இதனைக் கூறுகிறேன்.

எங்கள் குழுவில் இருவர் தபேலா வாசித்தனர். ஒருவருடைய விரல்களில் மின்னல் வேகம். கைதட்டல் எல்லாம் அவருக்கே. மற்றவர் அமைதியானவர். ஆயினும் நாளடைவில் பாடகர்கள், "அவர் வருகிறாரா?" என்று இரண்டாமவரைத்தான் கேட்கலாயினர். அதற்கான காரணங்களை அருகிலிருந்து கண்டவன் நான்.

முதற்காரணம் சுருதி. அவர் அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிடுவார். விளிம்புப் பின்னலைச் சிறு சுத்தியலால் மேலிருந்து தட்டினால் சுருதி ஏறும். கீழிருந்து தட்டினால் இறங்கும். மழைக்காற்றில் தோல் தளரும். மேடை விளக்கின் வெப்பத்தில் இறுகும். ஆதலால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னர் சரிபார்ப்பார். ஆண் குரலுக்கு ஒரு கட்டை, பெண் குரலுக்கு வேறு கட்டை என்பதால் இரண்டு வலக்கைத் தபேலாக்களைக் கொண்டுவருவார்.

1971 ஆகஸ்டு முதல் நாள், நியூயார்க்கில் வங்கதேச மக்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் பண்டிட் ரவிசங்கர், உஸ்தாத் அலி அக்பர் கான், உஸ்தாத் அல்லா ரக்கா ஆகியோர் சுருதி சேர்த்ததையே கச்சேரி என்றெண்ணி மக்கள் கைதட்டினர். அத்தகைய மேதைகளே அத்தனை பேர் முன்னிலையில் பொறுமையாகச் சுருதி சேர்த்தார்கள் என்றால், நமக்கு அவசரம் எதற்கு?

இரண்டாவது, காலப்பிரமாணம். எட்டு மாத்திரைக் கஹர்வாவில் தொடங்கும் பாட்டு, சரணத்தில் உணர்ச்சி மிகும்போது ஓடத் துடிக்கும். தபேலாவும் உடன் ஓடினால் பாடுபவருக்கு மூச்சு வாங்க இடமிராது. அவரோ தொடங்கிய நடையிலேயே முடிவுவரை நிற்பார்.

மூன்றாவது, சொல்லுக்கு வழிவிடுதல். பாட்டின் வரிகளை முன்கூட்டியே கேட்டறிந்துகொள்வார். சொல் ஒலிக்கும்போது எளிய நடை மட்டுமே. பல்லவிக்கும் சரணத்துக்கும் இடைப்பட்ட இடத்தில்தான் தம் கைத்திறனைக் காட்டுவார். குரல் தாழ்ந்தால் கையும் தாழும். கண்கள் எப்போதும் பாடுபவரின் முகத்தில் இருக்கும். ஆதலால் பாட்டு எதிர்பாராத இடத்தில் நின்றாலும் அவர் கையும் உடன் நிற்கும்.

தனித்தே மேடையை நிறைக்க வல்லவர்களும் இப்பணியைத் தாழ்வாகக் கருதவில்லை. அல்லா ரக்காவின் மைந்தர் உஸ்தாத் ஜாகிர் ஹுசைன் உலகப் புகழ் பெற்ற பின்னரும் சந்தூர் மேதை பண்டிட் சிவகுமார் சர்மாவுக்குப் பல்லாண்டுகள் பக்கம் வாசித்தார். 2022 மே மாதம் சர்மா மறைந்தபோது அவரது பாடைக்குத் தோள் கொடுத்தவர்களுள் ஜாகிரும் ஒருவர். உடன் வாசிப்பது எத்தகைய உறவாக மலர்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 2024 டிசம்பரில் ஜாகிரும் மறைந்தார்.

எங்கள் தபேலாக்காரருக்கு இப்போது மணிக்கட்டு நோவு, மேடை ஏறுவதில்லை. அவரது இடம் இன்னும் நிறைந்தபாடில்லை. வேகக் கைகள் பல வருகின்றன. கேட்கும் செவிகள் அரிதாகவே வருகின்றன.

பிள்ளைகளுக்குத் தபேலா வாங்கித் தரும் பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் தனியே பழகுவதோடு நிறுத்திவிடாதீர்கள். அடிப்படை நடை கைவந்த உடனே, பாடும் ஒருவர் அருகில் அவனை அமர்த்துங்கள். பாட்டு முடிந்ததும், "நன்றாக வாசித்தாயா?" என்று அவனைக் கேட்க வேண்டாம், "பாடுவதற்குச் சுகமாக இருந்ததா?" என்று பாடியவரைக் கேளுங்கள்.