எங்கே அடக்கம்பண்ணுவது?



மும்பையில் ஊழியம் செய்யும் நான் துக்கவீடுகளில் முதலாவது கேட்பது, "ஐயா, ஊருக்குக் கொண்டுபோவோமா?" என்பதே. உடலைப் பதப்படுத்துதல், பெட்டி, விமானச் சரக்குக் கட்டணம், அங்கிருந்து ஆம்புலன்ஸ் எனச் செலவு ஏறும். கண்ணீர் காயுமுன் வட்டிக்கடன் வீட்டுக்குள் நுழையும்.

ஆபிரகாம் பரதேசியாய்க் குடியிருந்த கானானிலேயே 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக்கொடுத்து நிலம் வாங்கிச் சாராளை அடக்கம்பண்ணினான் (ஆதி. 23). யாக்கோபோ, எகிப்திலிருந்து தன்னைக் கானானுக்குக் கொண்டுபோகும்படி கட்டளையிட்டான் (ஆதி. 49). இரண்டும் தகும். ஆனால் யாக்கோபு அதை உயிரோடிருக்கையிலேயே சொல்லிவைத்தான்!

ஆகையால் இன்றிரவு குடும்ப ஜெபத்திற்குப்பின் பேசுங்கள். அடக்கம் எங்கே, செலவுக்குப் பணம் எங்கே என்று எழுதிவையுங்கள். வைப்புநிதியிலும் காப்பீட்டிலும் வாரிசுதாரராக யார் பெயர் உள்ளதெனப் பாருங்கள். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவுசெய்யுங்கள். சான்றிதழின்றி அப்பணத்தைக் கோருவது கடினம்.

கடைசி எக்காளம் தாமிரபரணிக் கரையிலும் தொனிக்கும், சிவ்ரி கல்லறைத்தோட்டத்திலும் தொனிக்கும். தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.