காசோலை கிடைத்தது, பணம் வரவில்லை

நான் பி.காம். படிக்கிறவன். 'சி' மொழியில் நிரல் எழுதுவது பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கு எங்கள் மளிகைக் கடையின் ஒரு மாதக் கடன் கணக்கைத் தின்றுவிட்டது. அந்தக் கூத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பாவிடம் அடம்பிடித்து, கடன் நோட்டை மூடவைத்து, என் நிரலில் கணக்கு ஏற்ற ஆரம்பித்தோம். நினைவகம் தீர்ந்துபோனால் என்ன செய்வது என்றும் யோசித்திருந்தேன். நினைவகம் கேட்கும் 'மாலாக்', இடம் இல்லையென்றால் 'நல்' என்று திருப்பும். ஒவ்வொரு இடத்திலும் அதைச் சோதித்து, "இடம் போதவில்லை" என்று அறிவித்து, கணக்கைப் பத்திரப்படுத்தி வெளியேறும்படி எழுதியிருந்தேன். பாடப்புத்தகம் சொன்னபடிதான்.

ஒருநாள் இரவு கணக்கைச் சேமிக்கும்போது கணினி திணறியது. பிறகு திரையில் ஒரே வார்த்தை: 'கில்டு'. என் அறிவிப்பு வரவேயில்லை. கோப்பில் பாதிகூட மிஞ்சவில்லை.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டது இது. லினக்ஸ் வழக்கமாகக் கையிருப்பைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கும். 'ஓவர்கமிட்' என்று பெயர். உண்மையான இடம், பெரும்பாலும் 4096 பைட் பக்கங்களாக, நாம் முதலில் எழுதும்போதுதான் ஒதுக்கப்படும். எங்கள் வணிகவியல் பாஷையில், மாலாக் தருவது காசோலை, பணம் அல்ல. எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தானே வங்கியும் கடன் கொடுக்கிறது? கேட்டுவிட்டால் வங்கி திவால். லினக்ஸோ வாடிக்கையாளரில் ஒருவனைக் கொன்றுவிடும்! 'ஓஓஎம் கில்லர்' பெரும்பாலும் அதிக இடம் பிடித்திருப்பவனைத்தான் தேர்ந்தெடுக்கும். அது அனுப்பும் 'சிக்கில்' சமிக்ஞையை எந்த நிரலாலும் பிடித்து நிறுத்த முடியாது. கடைசி வார்த்தை பேசவும் வாய்ப்பில்லை.

ஓவர்கமிட் அமைப்பை 2 என்று மாற்றினால் லினக்ஸ் கறாராகி, நல் ஒழுங்காக வரும். ஆனால் தப்பு என்னுடையது. வாங்கிய நினைவகத்தைச் சுழலுக்குள் 'ஃப்ரீ' செய்யாமல் விட்டதும் நான்தான், பழைய கோப்பின் மேலேயே எழுதியதும் நான்தான். இப்போது புதுக் கோப்பில் முழுதும் எழுதி முடித்த பிறகே பழைய பெயருக்கு மாற்றுகிறேன். நடுவில் செத்தாலும் பழைய கணக்கு பிழைக்கும்.

அப்பா திட்டவில்லை. வீடு வீடாகப் போய்ப் பாக்கியைக் கேட்டு எழுதினார். நானும் கூடப் போனேன். ஒரு பாட்டி, அப்பாவின் ஞாபகத்தில் இருந்ததைவிட 40 ரூபாய் கூடவே சொன்னார்.

"மனுஷங்க மெமரி பரவால்லடா" என்றார் அப்பா. மறுநாள் காலை கடன் நோட்டு மறுபடி கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது.