ஆக்ஸ்போர்டில் ஒரு சனிக்கிழமை

ஃபாக்னரின் வீட்டைப் பார்க்கத்தான் போனேன். போய்ச் சேர்ந்த நாள் சனிக்கிழமையாக இருந்துவிட்டது. 2013 அக்டோபர் 19. அமெரிக்காவின் தெற்கில் இலையுதிர் காலத்துச் சனிக்கிழமை என்றால் என்ன என்று தெரிந்திருந்தால் வேறு நாளாகப் பார்த்துப் போயிருப்பேன். இதை எழுதவேண்டிய அவசியமும் நேர்ந்திராது.

மிஸிஸிப்பி மாநிலத்தின் ஆக்ஸ்போர்ட் சின்ன ஊர். 2010 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 19,000க்குச் சற்றுக் குறைவு. என் தங்கை மகன் அங்கே பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தான். ஊரின் பெயரே ஒரு தூண்டில். சிக்கஸா இந்தியர்களிடமிருந்து கைமாறிய நிலத்தில் ஊர் அமைத்தவர்கள், மாநிலம் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினால் அது தங்களிடம் வரட்டும் என்ற ஆசையில், 1837இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பெயரைத் தங்கள் மர வீடுகளுக்குச் சூட்டிக்கொண்டார்கள். மீன் விழுந்தது. 1841இல் சட்டசபையில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இடம் முடிவாயிற்று. 1848இல் வகுப்புகள் தொடங்கின. பிள்ளை பிறக்குமுன்பே பெயர் வைத்துவிட்டுக் காத்திருந்த ஊர். அன்றிலிருந்து பல்கலைக்கழகம் ஊருக்குள் இருக்கிறதா, ஊர் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

ஃபாக்னரையும் அப்படித்தான் பிரிக்க முடியவில்லை. 1919இல் அங்கே விசேஷ மாணவராகச் சேர்ந்து அடுத்த ஆண்டே விட்டுவிட்டார். பிறகு பல்கலைக்கழகத் தபாலாபீஸில் 1924 வரை போஸ்ட்மாஸ்டர் — கடிதங்களைப் பட்டுவாடா செய்வதைவிட மற்றவர்களுக்கு வந்த பத்திரிகைகளைப் படிப்பதில் அக்கறை காட்டிய போஸ்ட்மாஸ்டர். (நம் இதழ்கள் சந்தாதாரருக்குப் போய்ச் சேராததன் ரகசியம் இப்படி ஒரு மேதை எங்கோ உட்கார்ந்திருப்பதுதானோ என்று நினைத்துக்கொண்டேன்.) 1929இல் பல்கலைக்கழக மின்நிலையத்தில் இரவு வேலை. அந்த இரவுகளில்தான், அவர் சொல்லிக்கொண்டபடி ஆறே வாரங்களில், 'ஆஸ் ஐ லே டையிங்' எழுதினார். ஊர் அவருக்கு வைத்திருந்த பட்டம், ஒன்றுக்கும் உதவாத பிரபு என்று பொருள்படும் ஒரு கேலிப்பெயர். நோபல் பரிசு வந்தபிறகு கேலி குறைந்தது. 1962 ஜூலையில் இறந்தபோது சதுக்கத்துக் கடைகளைக் கால்மணி நேரம் அடைத்தார்கள். பத்து வருஷம் கழித்து அவருடைய ரோவன் ஓக் வீட்டைப் பல்கலைக்கழகம் வாங்கிவிட்டது. 1974 முதல் ஆண்டுதோறும் அவர் பெயரில் மாநாடு. உயிரோடிருந்தபோது பிடி கொடுக்காத மனிதரைச் செத்தபிறகு ஸ்தாபனம் பிடித்துவிடுவது நமக்கும் பழகிய காட்சிதான்.

ஆனால் இதைக் கிண்டலாகச் சொல்லிவிட்டு நகர்வது நியாயமில்லை. அந்தப் பல்கலைக்கழகம் இல்லாமல் சதுக்கத்தில் 1979இல் திறந்த ஸ்கொயர் புக்ஸ் கடை இல்லை. பாரி ஹன்னா அங்கே வந்து கற்பித்திருக்கமாட்டார். ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே எழுதிய லாரி பிரௌனுக்கு அக்கம்பக்கத்தில் பேச்சுத்துணை கிடைத்திருக்காது. புத்தகக் கடைக்காரரை இரண்டு முறை மேயராக்கிய ஊர் அது. பொறாமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

காலையில் ரோவன் ஓக்கின் எழுத்தறையில் நின்றேன். சுவரிலேயே 'எ ஃபேபிள்' நாவலின் திட்டத்தை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே தூரத்தில் முரசுச் சத்தம். வீட்டுக்குப் பின்னால் தோப்பு வழியாக ஓர் ஒற்றையடிப்பாதை பல்கலைக்கழகம் பக்கம் போகிறது. மருமகன் சொன்னான்: "மாமா, வந்தது வந்தாச்சு, க்ரோவையும் பாத்துடுங்க."

க்ரோவ் என்பது ஓக்கும் எல்மும் மாக்னோலியாவும் நிற்கும் பத்து ஏக்கர்த் தோப்பு. ஆட்டத்தன்று அங்கே ஆயிரக்கணக்கில் கூடாரங்கள். கூடாரத்துக்குள் வெள்ளித் தட்டுகள், மெழுகுவத்திக் கொத்துகள். ஒன்றில் சரவிளக்கே தொங்கியது. ஆண்கள் கோட்டும் கழுத்தில் போ-டையும், பெண்கள் கல்யாணத்துக்கு வந்தமாதிரி. ஆட்டம் மாலையில். இவர்கள் காலையிலிருந்தே தின்றுகொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிறார்கள். இதைத் திருவிழா என்று எழுதலாம். ஆனால் திருவிழாவில் சாமியை மனிதர்கள் சுமப்பார்கள். இங்கே சாமிகளே தோப்பின் நடுவே நடந்து போகின்றன — பதினெட்டு இருபது வயதுப் பையன்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். இருபுறமும் கைதட்டித் தொட்டுப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்.

போ-டை கட்டிய முதியவர் ஒருவர் என்னைத் தம் கூடாரத்துக்குள் இழுத்து, வறுத்த கோழியும் ஒரு டம்ளரும் கொடுத்தார். எங்கிருந்து வருகிறேன், எதற்கு வந்தேன் என்று விசாரித்தார். ஃபாக்னரின் வீட்டைப் பார்க்க என்றேன். தம் தகப்பனாருக்கு அவரைத் தெரியும், மரியாதை தெரியாத ஆள் என்றார். பிறகு முதுகில் தட்டி, இனி நீயும் எங்களில் ஒருவன் என்றார். எங்களில் என்றாரா, நம்மில் என்றாரா? ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். கேட்பவனையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, வெளியே நிறுத்தும் ‘நாங்கள்’ என்று இரண்டு வைத்திருக்கும் மொழிக்காரனுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாற்றம். கோழி அருமையாக இருந்தது. நம்மில் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த விளையாட்டைக் கால்பந்து என்று மொழிபெயர்ப்பது பொய். கால் பந்தைத் தொடுவது அபூர்வம். தலைக்கவசம் அணிந்த உடம்புகள் ஒன்றையொன்று நிலத்தில் சாய்ப்பதுதான் ஆட்டம். விதிகள் எனக்குப் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் ஊர் ஜனத்தொகையைப் போல மூன்று மடங்கு ஆட்கள் ஒரே கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போது புரிவது தேவைப்படுவதில்லை. எதிரணி லூயிஸியானா மாநிலப் பல்கலைக்கழகம். நாட்டில் ஆறாம் இடத்தில் இருந்த அணி. 24-24 என்று நிற்கையில், இரண்டு விநாடி மிச்சமிருக்க, 41 கஜத்திலிருந்து ஒருவன் உதைத்த பந்து — அன்று கால் பயன்பட்டது — கம்பங்களுக்கிடையே பறந்தது. 27-24. அரங்கம் முழுக்க அந்தப் பல்கலைக்கழகத்தின் கோஷம் எழுந்தது. நாம் யார் என்று கேட்டுத் தன் பெயரையே பதிலாகச் சொல்லிக்கொள்ளும் கோஷம். நானும் கத்தினேன். தொண்டை கட்டும்வரை, யாரோ ஒருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு. முப்பது வருஷமாகக் கூட்டத்தையும் கோஷத்தையும் சந்தேகித்து எழுதிவந்தவன் என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

அந்தப் பெயர் 'ஓல் மிஸ்'. 1897இல் மாணவர்களின் ஆண்டு மலருக்கு வைத்த பெயர் பல்கலைக்கழகத்துக்கே நிலைத்துவிட்டது. பருத்திப் பண்ணைகளில் அடிமைகள் எஜமானன் மனைவியை அழைத்த சொல் அது; 'பெரிய எஜமானியம்மா' என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் காலை மருமகன் இதைச் சொன்னபோது தொண்டைக்கட்டு இன்னும் சரியாகவில்லை.

அன்று வளாகத்தை நிதானமாகச் சுற்றினோம். நுழைவாயில் வட்டத்தில் 1906இல் நிறுத்திய சிப்பாய் சிலை — அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோய்ப் போரிட்ட கான்ஃபெடரேட் சிப்பாய். அதற்குப் பின்னால் தூண்கள் வைத்த லைஸியம் கட்டிடம். கட்டிடத்துக்கு அப்பால் 2006இல் வைத்த இன்னொரு சிலை: ஒரு வாசலை நோக்கி நடந்து செல்லும் ஜேம்ஸ் மெரிடித். (உயிரோடு இருக்கும் மனிதருக்கு வைத்த சிலை. அவருக்கே அது பிடிக்கவில்லை. பொடிப்பொடியாக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்.) அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

1962 செப்டம்பர் 29, அதுவும் ஒரு சனிக்கிழமை. ஜாக்ஸன் நகர அரங்கில் ஓல் மிஸ் அணி கென்டக்கியோடு ஆடிக்கொண்டிருந்தது. கோர்ட் உத்தரவுப்படி மெரிடித் என்ற கறுப்பு மாணவரைச் சேர்த்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி. இடைவேளையில் கவர்னர் ராஸ் பார்னெட் மைதானத்துக்கு வந்து, தம் மாநிலத்தையும் அதன் மக்களையும் வழக்கங்களையும் நேசிப்பதாக முஷ்டியை உயர்த்திச் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. அரங்கம் முழுக்க கான்ஃபெடரேட் கொடிகள் அசைந்தன. மறுநாள் இரவு கலவரம். அந்தச் சிப்பாய் சிலையின் பீடத்தில் ஏறி நின்று ஓய்வுபெற்ற ஜெனரல் ஒருவர் கூட்டத்தோடு பேசினார். 160க்கு மேற்பட்ட ஃபெடரல் மார்ஷல்களுக்குக் காயம். ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையாளரும், பாட்டுப்பெட்டி பழுது பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே இரவு தொலைக்காட்சியில் மாணவர்களிடம் நயந்து பேசிய கென்னடிகூடப் போர்க்களத்திலும் ஃபுட்பால் மைதானத்திலும் அவர்கள் சம்பாதித்த பெருமையைத்தான் நினைவூட்டினார். வேறு எந்த மொழி அவர்களுக்குப் புரியும் என்று அவருக்கும் தெரிந்திருந்தது போலும். அந்த வருஷம் ஓல் மிஸ் அணி ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

ஃபாக்னர் அப்போது இறந்து மூன்று மாதம் முடியவில்லை. இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? ஐம்பதுகளில் கறுப்பர் பிள்ளைகளின் கல்விக்காகப் பேசி ஊராரின் வசவை வாங்கிக்கொண்டவர்தான். ஆனால் 1956இல் ஒரு பேட்டியில், சண்டை என்று வந்துவிட்டால் அமெரிக்காவுக்கு எதிராக மிஸிஸிப்பியின் பக்கம்தான் நிற்பேன், தெருவில் இறங்கிக் கறுப்பர்களைச் சுடவேண்டி வந்தாலும், என்ற அர்த்தத்தில் பேசியதாக வெளிவந்தது. பிறகு மறுத்தார். ஜேம்ஸ் பால்ட்வின் 'பார்ட்டிஸன் ரெவ்யூ'வில் இதற்கு எழுதிய பதிலை நம்மில் சிலர் படித்திருக்கலாம். அந்தப் பேட்டியைக் குடிவெறி என்று ஒதுக்குவதை நான் ஏற்றுக்கொண்டிருந்தேன். அந்த அரங்கத்தில் கத்திய பிறகு அவ்வளவு சுலபமாக ஒதுக்க முடியவில்லை. தன் ஊரின் கேவலத்தை அவரளவுக்கு அறிந்தவர் இல்லை. அறிவு ஒரு பக்கம் இருக்க, ‘நாம்’ என்ற சொல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்து தொண்டையைப் பிடித்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் சேர்க்காவிட்டால் நான் சொல்வது பாதிதான். 1972இல்தான் ஓல் மிஸ் அணியில் முதன்முதலாகக் கறுப்பர்கள் ஆடினார்கள். அவர்களில் பென் வில்லியம்ஸை மூன்று ஆண்டு கழித்து மாணவர்கள் 'கர்னல் ரெபெல்' என்ற பட்டத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள் — பண்ணைக்காரக் கிழவரின் உருவத்தைச் சின்னமாகக் கொண்ட பட்டம். 1989 அக்டோபரில் சக்கி மல்லின்ஸ் என்ற கறுப்பு இளைஞர் எதிரணி வீரரைத் தடுக்கப் பாய்ந்து கழுத்தெலும்பு நொறுங்கி உடல் முழுதும் செயலிழந்தார். ஊர் கலங்கிப் போயிற்று. அரங்கில் வாளிகளோடு வசூல் செய்தார்கள். நிதி பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. 1991இல் இறந்துபோனார். அவருடைய வெண்கலத் தலையைத் தொட்டுவிட்டுத்தான் இன்றும் வீரர்கள் களத்தில் இறங்குகிறார்கள். அந்த வாளிகள் பொய்யில்லை. அதே அரங்கில் அப்போது கொடிகளும் பறந்துகொண்டிருந்தன. ஒரு கையில் கொடியைப் பிடித்தவர் மறு கையால் வாளியில் காசு போட்டிருப்பார். இந்த இரண்டு கைகளில் எதை நிஜம் என்பது?

கொடி எப்படிப் போயிற்று என்பதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. 1982இல் ஜான் ஹாகின்ஸ் என்ற முதல் கறுப்பு சியர்லீடர் அதைத் தூக்கமாட்டேன் என்றார், வசை, மிரட்டல். 1983இல் பல்கலைக்கழகம் கொடிக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று அறிவித்தது, ரசிகர்கள் கேட்கவில்லை. 1997இல் ஃபுட்பால் பயிற்சியாளரே கொடி வேண்டாம் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொண்டார் — அதைக் காட்டியே நல்ல கறுப்பு வீரர்களை மற்றப் பல்கலைக்கழகங்கள் இழுத்துக்கொண்டுபோயின. அரங்கத்துக்குள் கம்புகள் கொண்டுவரக்கூடாது என்று விதி வந்தது. கொடிக்குத் தடை இல்லை, கம்புக்குத்தான். தடை செய்த சான்ஸலர் ராபர்ட் கயாட் அதே அணியில் ஆடியவர். மாநிலக் கொடியின் மூலையில் இருந்த அதே சின்னத்தை 2001 வாக்கெடுப்பில் மக்கள் பெருவாரியாகக் காப்பாற்றினார்கள். 2020 ஜூனில், இந்தக் கொடி இருக்கும்வரை உங்கள் மாநிலத்தில் சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் கிடையாது என்று விளையாட்டு அமைப்புகள் சொல்லின. பயிற்சியாளர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு சட்டசபைக்குப் போனார்கள். மாதக் கடைசிக்குள் கொடி இறங்கிவிட்டது. அந்தக் கோடையில் நாடெங்கும் தெருவில் இறங்கியவர்களை மறந்துவிட்டு இதைச் சொல்லக்கூடாதுதான். ஆனாலும் மனசாட்சி கேட்டுக் கிடைக்காததை ஸ்கோர் கேட்டுக் கிடைத்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா? ஒரு நண்பர், எப்படி இறங்கினால் என்ன, இறங்கிற்றே என்கிறார். அவர் கறுப்பரோடு ஒப்பிடத்தக்க இடத்தில் பிறந்தவர். என் கூச்சம் சௌகரியமானவனின் கூச்சமாக இருக்கலாம்.

நான் ஊர் திரும்பிய நான்கு மாதத்தில், 2014 பிப்ரவரியில், மெரிடித் சிலையின் கழுத்தில் யாரோ சுருக்குக் கயிறு மாட்டினார்கள். செய்தவர்கள் அங்கே படித்த மாணவர்கள். அந்தத் தோப்பில் அன்று எனக்குப் பக்கத்தில் நின்று கத்தியிருக்கக்கூடியவர்கள். படத்தை எடுத்துப் பார்த்தேன். சிலைக்கு அருகில் அணியின் சிவப்புத் தொப்பியோடு சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

2022 அக்டோபரில் மறுபடி போக நேர்ந்தது. மருமகனுக்கு இப்போது மெம்ஃபிஸில் வேலை. அதுவும் சனிக்கிழமை, இம்முறை தெரிந்தே. டிக்கெட் எடுக்கவில்லை. வட்டத்தில் சிப்பாய் இல்லை. 2020 ஜூலையில் வளாகத்தின் மறுகோடியிலுள்ள பழைய கான்ஃபெடரேட் இடுகாட்டுக்கு அதை நகர்த்திவிட்டார்கள். போய்ப் பார்த்தோம். யாரும் இல்லை. புல்லை ஒழுங்காக வெட்டியிருந்தார்கள். அரங்கம் அங்கிருந்து வெகுதூரமில்லை. திடீரென்று அறுபதாயிரம் பேரின் சத்தம் மரங்களுக்கு மேலாக வந்தது.

"யாரு ஸ்கோர் பண்ணினது?" என்றேன்.

மருமகன் ஃபோனை எடுத்துப் பார்த்தான்.

"நாமதான் மாமா," என்றான்.