நாடுகளின் வாக்குறுதிகளும் அளவுகோல்களும்

காலநிலை மாற்றத்தைத் தணிக்க எந்நாடு எவ்வளவு செய்ய உடன்பட்டுள்ளது என்பதை ஒரே தாளில் நிரற்படுத்திப் பார்க்கும் ஆவல் எனக்கு நெடுநாளாக உண்டு. முன்னிற்பது யார், பின்தங்கியது யார் என்பதை ஓர் அட்டவணை காட்டிவிடுமெனப் பலரும் எண்ணுவர். அட்டவணை வரைவது எளிது, ஒப்பிடுவதே அரிது.

2015ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, இலக்கை வகுக்கும் உரிமையை அந்தந்த நாட்டிடமே விட்டது. இதனால், சந்தைக்கு வருவோர் ஒவ்வொருவரும் தத்தம் கொத்தாலேயே நெல்லளக்கும் நிலை தோன்றிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 1990ஐ அடிப்படையாகக் கொண்டு, 2030இல் ஆகக்குறைந்தது 55 சதவீதக் குறைப்பு என்றது. அமெரிக்கா 2021இல், 2005ஐ அடிப்படையாகக் கொண்டு 50 முதல் 52 சதவீதம் என்றது. 2025இல் உடன்படிக்கையிலிருந்தே விலகுவதாக அது அறிவித்தமை வேறு கதை. இந்தியாவோ மொத்த வெளியீட்டைக் கணக்கிற் கொள்ளாது, உற்பத்தியின் ஓரலகுக்கு வெளியாகும் வாயுவை 2005இன் நிலையிலிருந்து 45 சதவீதத்தால் குறைப்பதாக 2022இல் உரைத்தது. உற்பத்தி பெருகின் வெளியீடும் பெருகலாம், வாக்குத் தவறியதாகாது.

அடிப்படை ஆண்டின் வல்லமையை ரஷ்யாவிடம் காணலாம். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபின் தொழிற்சாலைகள் பல நலிவுற்றன. வெளியீடு தானே சரிந்தது. 2030இல் 1990ஆம் ஆண்டளவின் 70 சதவீதத்துக்குள் நிற்பதாக அந்நாடு 2020இல் வாக்களித்தபோது, காடுகள் உறிஞ்சுவதையும் சேர்த்துக் கணித்தால், அதன் வெளியீடு அவ்வெல்லைக்கு வெகு கீழேயே இருந்தது. குறைப்பென எழுதப்பட்டது, உண்மையிற் கூட்டுவதற்கான அனுமதியேயாம்.

இனி நம் நாடு. 2021இல் இலங்கை அளித்த வாக்குறுதி 14.5 சதவீதம், அதில் 4 தன் முயற்சியால், எஞ்சிய 10.5 வெளிநாட்டு உதவி கிடைப்பின். எதிலிருந்து 14.5? கடந்த ஓர் ஆண்டிலிருந்தன்று; வழமைபோற் சென்றிருந்தால் 2030 வரை வெளியாகக்கூடும் என மதிப்பிடப்பட்ட தொகையிலிருந்து. அம்மதிப்பீட்டின் மை உலருமுன்னரே 2022 வந்தது. பொருளாதாரம் 7 சதவீதத்துக்கும் மேலாகச் சுருங்கிற்று. நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டது. எரிபொருள் வரிசைகளில் நின்றோருள் யானும் ஒருவன். ஓடாத பேருந்தும் எரியாத விளக்கும் வாயுவை வெளியிடுவதில்லை. அட்டவணையோ வறுமையையும் கொள்கையையும் வேறுபிரித்தறியாது. மெழுகுதிரி ஒளியிற் படித்த பிள்ளையின் அல்லலும் அங்கே நாட்டின் சாதனையாகவே பதிவாகும். இதனை ஏற்க என் மனம் ஒப்பவில்லை.

ஆகவே சதவீதத்தை விடுத்து, கண்ணால் கண்டு சரிபார்க்கக்கூடியவற்றைத் தேடலானேன். பிரித்தானியா 2008இல் சட்டமியற்றி, ஐந்தாண்டுக்கொரு காபன் வரம்பு விதித்து, பாராளுமன்றத்துக்கு அறிக்கையிடச் சுயாதீனக் குழுவொன்றையும் நிறுவிற்று. நிலக்கரியால் தொழிற்புரட்சி கண்ட அந்நாட்டின் இறுதி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டெம்பர் 30இல் மூடப்பட்டது. மூடிய வாயிலுக்கு அடிப்படை ஆண்டு வேண்டியதில்லை. புதிய நிலக்கரி நிலையம் அமைப்பதில்லை என்று இலங்கை 2021இல் கூறியதும் இவ்வகையினதே, அமைத்தால் ஊரறியும்.

சதவீதங்களை இப்போது என் அட்டவணையின் கடைசி நிரலுக்குத் தள்ளியுள்ளேன். முதல் நிரலில், இயங்கும் நிலக்கரி மின்நிலையங்களின் எண்ணிக்கை. பிரித்தானியாவுக்கு நேரே பூச்சியம். இலங்கைக்கு நேரே ஒன்று: நுரைச்சோலை.