மோடம் கம்பெனியுடையது, ரூட்டர் வீட்டுடையது

கெடாவின் தென்கோடியில், கிரியான் ஆறு பேராக்கிற்கு எல்லையாக ஓடும் பண்டார் பாரு மாவட்டத்தில் இருக்கிறது செர்டாங். அங்கே கண்ணாடி இழை வந்துவிட்ட தாமான் வீடானாலும் சரி, இழை எட்டாமல் சிம் அட்டை போட்ட பெட்டியை நம்பியிருக்கும் தோட்டத்து வீடானாலும் சரி, ஒரு பழக்கம் பொதுவாக இருக்கிறது. கம்பெனி ஆள் வந்து பொருத்திய பெட்டி, பொருத்திய இடத்திலேயே, பொருத்திய அமைப்பிலேயே வருடக்கணக்கில் கிடக்கிறது. சமையலறையில் வைஃபை எடுக்கவில்லை என்றாலும், பிள்ளையின் பாடக் காணொளி நின்று நின்று ஓடினாலும், "லைன் சரியில்லை" என்பதே நம் தீர்ப்பு. பெரும்பாலும் லைன் நன்றாகவே இருக்கும். கோளாறு, வாசலுக்கு வந்த இணையத்தை வீட்டுக்குள் பரப்பும் ரூட்டரில் இருக்கும். லைனையும் அதை முடித்துவைக்கும் மோடத்தையும் கம்பெனி பார்த்துக்கொள்ளட்டும். அதற்கு இந்தப் பக்கம் உள்ள ரூட்டரை, முடிந்த குடும்பங்கள் தாங்களே வாங்கித் தாங்களே ஆள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. டெலிகோம் மலேசியா 2010 மார்ச்சில் யூனிஃபை சேவையைத் தொடங்கியபோது, இழையை முடிக்கும் ஒரு பெட்டியும் அதனோடு டி-லிங்க் டிஐஆர்-615 என்ற ரூட்டரும் வீடுகளுக்கு வந்தன. 5, 10, 20 எம்பிபிஎஸ் திட்டங்களுக்கு அந்த ரூட்டர் போதும். 2018இல் பழைய வாடிக்கையாளர்களின் வேகம் கூடுதல் கட்டணமின்றிப் பல மடங்கு உயர்த்தப்பட்டது. ஆனால் டிஐஆர்-615இன் கம்பித் துளைகள் 100 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் கடத்தாதவை. அதன் வைஃபையோ 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும் இயங்குவது. அந்த அலைவரிசையில் ஒன்றையொன்று இடிக்காத தடங்கள் மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் இருபது குடும்பங்கள் அந்த மூன்றையும் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். வாசல் வரை வந்த வேகம் வரவேற்பறையிலேயே நின்றுபோனதற்குக் காரணம் இதுதான். பெட்டியை மாற்றித் தரும்படி கேட்டவர்களுக்கு மாற்றம் கிடைத்தது. கேட்க வேண்டும் என்றே தெரியாதவர்கள் உயர்ந்த வேகத்தை ஏட்டில்தான் பார்த்தார்கள்.

தோட்டத்து வீட்டின் சிக்கல் வேறு மாதிரி. சிம் அட்டைப் பெட்டிக்கு இரண்டு வேலை: தூரத்துக் கோபுரத்தின் சிக்னலைப் பிடிப்பது, பிடித்ததை வீட்டுக்குள் வைஃபையாகப் பரப்புவது. செம்பனை மட்டைகள், அதிலும் மழையில் நனைந்த மட்டைகள், சிக்னலை நன்றாகவே உறிஞ்சிவிடும். ஆகவே பெட்டி கோபுரத்தைப் பார்த்த சன்னலோரம், உயரத்தில் இருக்க வேண்டும். வைஃபை நன்றாகப் பரவவோ அது வீட்டின் நடுவில் இருக்க வேண்டும். ஒரே பெட்டி இரண்டு இடத்தில் இருக்க முடியாது. பெட்டியைச் சன்னலில் விட்டுவிட்டு, அதிலிருந்து ஒரு லேன் கேபிளை இழுத்து, நடு அறையில் சொந்த ரூட்டர் ஒன்றை வைத்தால் இரண்டு வேலையும் ஒழுங்காக நடக்கும். வேகமான திட்டத்துக்கு மாறி மாதாமாதம் கூடக் கட்டுவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இதுதான்.

அப்படியானால் மோடத்தையும் நாமே வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். ஜெர்மனியில் 2016 ஆகஸ்ட் 1 முதல் அந்த உரிமையே சட்டமாக இருக்கிறது. சுவரிலுள்ள இணைப்போடு கம்பெனியின் எல்லை முடிகிறது. இருந்தும் இங்கே அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். இழை இணைப்பில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிகிறது. ஒவ்வொரு மோடமும் தன் முறை வரும்போது மட்டும் ஒளியை அனுப்ப வேண்டும். பழுதான ஒன்று முறை தவறி ஒளிர்ந்தால் அந்தக் கிளையிலுள்ள அக்கம்பக்கத்து வீடுகள் அத்தனைக்கும் இணையம் அறுந்துபோகும். பலரைப் பாதிக்கும் கருவி கம்பெனியின் பொறுப்பில் இருப்பது நியாயம். ரூட்டர் அப்படியில்லை, அது கெட்டால் ஒரு வீடுதான் பாதிக்கப்படும். எல்லையை இங்கே போடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

கம்பெனி ரூட்டரே பாதுகாப்பானது, அதைத் தூரத்திலிருந்தே புதுப்பித்துவிடுவார்கள் என்பது அடிக்கடி எழும் மறுப்பு. இதில் பாதி உண்மை உண்டு. ஆனால் தூரத்திலிருந்து நுழையும் அதே வாசல்தான் 2016 நவம்பரில் ஜெர்மனியில் தாக்கப்பட்டது. டாய்ச் டெலிகோம் வாடிக்கையாளர்களில் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் ரூட்டர்கள் ஒரே சமயத்தில் முடங்கின. லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே வகைப் பெட்டி இருந்தால் ஓர் ஓட்டையே எல்லா வீட்டுக்கும் ஓட்டையாகிவிடுகிறது. மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2018இல் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 54 நாடுகளில் குறைந்தது 5 லட்சம் கருவிகளைப் பிடித்தது. அவற்றில் பெரும்பாலானவை மக்கள் கடைகளில் வாங்கக்கூடிய லிங்க்சிஸ், நெட்கியர், டிபி-லிங்க், மைக்ரோடிக் வகைகள். சொந்த ரூட்டர் வாங்கினாலே பாதுகாப்பு வந்துவிடாது. தானே புதுப்பித்துக்கொள்ளும் ரூட்டராகப் பார்த்து வாங்க வேண்டும். நிர்வாகக் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்ற வேண்டும். மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் ஒட்டுவில்லை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் கைவிட்ட பழைய ரூட்டரை மலிவு என்பதற்காக வாங்குவது, கம்பெனி பெட்டியை வைத்திருப்பதைவிட மோசம்.

அமைப்பது கடினம் என்பது அடுத்த மறுப்பு. இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. யூனிஃபை இணைப்பில் சொந்த ரூட்டர் வேலை செய்ய, கம்பெனி தந்த பிபிபிஓஇ (இணைப்பில் உள்நுழையும் முறை) பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தேவை. ஒரே இணைப்பில் வரும் சேவைகளைப் பிரித்துக்காட்டும் வீலேன் எண்ணை, இணையத்துக்கு 500 என்று குறிக்க வேண்டும். யூனிஃபை தந்த தொலைக்காட்சிப் பெட்டி இருந்தால் அதற்கு வீலேன் 600 தனியாக வேண்டும்; அதை விட்டுவிட்டால் இணையம் ஓடும், தொலைக்காட்சி இருண்டுவிடும். ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் முடியும் வேலைதான் இது, ஆனால் எண்கள் கையில் இருக்க வேண்டும். மோடமும் ரூட்டரும் ஒன்றாகச் சேர்ந்த பெட்டி என்றால் அதை மோடமாக மட்டும் இயங்கும் 'பிரிட்ஜ்' நிலைக்கு மாற்றச் சொல்லிக் கம்பெனியிடம் கேட்க வேண்டும். மாற்றித் தராவிட்டாலும் குடி முழுகிப்போகாது. அதன் வைஃபையை அணைத்துவிட்டுச் சொந்த ரூட்டரை லேன் துளையில் செருகி, வைஃபையை மட்டும் பரப்பும் 'ஆக்சஸ் பாயிண்ட்' நிலையில் வைத்தால் போதும். ஒருமுறை அமைத்துவிட்டால் வேறொரு நன்மையும் உண்டு. டெலிகோம் மலேசியாவின் அதே இழையில் மேக்சிஸ் நிறுவனத்தின் சேவைக்கு மாறினால், ரூட்டரில் புதிய பயனர் விவரத்தைப் போட்டு வீலேன் எண்ணை 621 ஆக மாற்றினால் போதும். வீட்டிலுள்ள கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி ஒன்றிலும் கடவுச்சொல்லை மறுபடி தட்ட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட எடையுள்ள மறுப்பு பணம். நல்ல ரூட்டர் இன்று 200 வெள்ளிக்குள் கிடைக்கிறது. ஆனால் 2025இல் உயர்த்தப்பட்ட பிறகும் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளிதான். அதில் குடும்பம் நடத்தும் தோட்டத் தொழிலாளிக்கு 200 வெள்ளி சின்னத் தொகை அல்ல. அவரை வாங்கச் சொல்லி வற்புறுத்த எனக்கு மனமில்லை. முதலில் செலவில்லாதவற்றைச் செய்து பார்க்கலாம்: பெட்டியை உயரத்துக்கு மாற்றுவது, அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுப்பது, பழைய பெட்டி என்றால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்பது. அதன் பிறகும் தேறாவிட்டால்தான் கடைக்குப் போக வேண்டும். கெடாவின் இடிமின்னலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்றாலும் மின்கம்பி கடத்தும். மழை கறுத்தால் மோடம், ரூட்டர் இரண்டின் செருகியையும் பிடுங்கிவைப்பதுதான் போட்ட பணத்துக்குக் காவல்.

2020 மார்ச் 18இல் கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்தது. அந்த மாதங்களில் மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு வைஃபை எதையெல்லாம் தாங்க வேண்டியிருந்தது என்பது பெற்றோருக்குத் தெரியும். பாடமும் வங்கியும் மருத்துவமனை முன்பதிவும் அந்த ஒரே வழியாகத்தான் இன்று வருகின்றன. கம்பெனிகளிடம் கேட்பது ஒன்றே: இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே பயனர் பெயர், கடவுச்சொல், வீலேன் எண்கள் மூன்றையும் ஒரே தாளில், வீட்டாருக்குப் புரியும் மொழியில், தமிழ்க் குடும்பம் என்றால் தமிழிலும், அச்சிட்டுக் கொடுங்கள். வீட்டாரிடம் கேட்பது, அந்தத் தாளைக் கேட்டு வாங்காமல் பொருத்த வந்தவரை அனுப்பிவிடாதீர்கள்.