பயத்துக்கு ஒரு மாத்திரை

பெங்களூரில் வளர்ந்தவர்களுக்கு 'நிமான்ஸ்' என்பது முதலில் ஒரு கேலிச் சொல். அது ஒரு ஆஸ்பத்திரி என்பது பிறகுதான் தெரியவரும். பள்ளியில் யாராவது தனக்குத் தானே பேசிக்கொண்டால் 'நிமான்ஸ் கேஸ்' என்போம். சென்னைக்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் எப்படியோ, எங்களுக்கு அது. அல்சூரில் இருக்கிறது என் வீடு. பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவில் வேலை. 19 ஆண்டுகளாக ஓசூர் சாலையில் அந்த வாசலைத் தினம் இரண்டு முறை கடக்கிறேன். அந்த நிறுத்தத்தில் பஸ் ஏறுபவர்களைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

2022 டிசம்பரில் ஒரு காலை அதே நிறுத்தத்தில் நான் இறங்கினேன். இறங்குமுன் பஸ்ஸில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டேன்.

பெரிய காரணம் எதுவும் இல்லை என்பதுதான் இதில் சங்கடம். வேலை போகவில்லை, கடன் இல்லை, வீட்டில் யாரும் சாகவில்லை. ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு யாரோ தட்டி எழுப்பியதுபோல விழிப்பு வரும். வந்தவுடன் வயிற்றில் புளி கரைய ஆரம்பிக்கும். காஸ் மூடினோமா, ஜி.எஸ்.டி. கணக்கில் ஒரு வரி விட்டுப்போயிற்றா, மகள் போனை ஏன் எடுக்கவில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று. பதில் கிடைத்தவுடன் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். பிறகு நெஞ்சு படபடக்க ஆரம்பித்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், எண்டாஸ்கோப்பி எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "டென்ஷனைக் குறைச்சுக்குங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். பில்லைப் பார்த்ததும் டென்ஷன் கூடியது.

நிமான்ஸில் என்னிடம் பேசியவர் இளம் டாக்டர். கன்னடத்தில் ஆரம்பித்தோம். ஆபீசுக்கும் மார்க்கெட்டுக்கும் போதுமான கன்னடம் எனக்கு உண்டு. ஆனால் உள்ளே என்ன செய்கிறது என்று அவர் கேட்டபோது வாயில் வந்தது தமிழ்தான்: "வயித்துல புளியைக் கரைக்குது டாக்டர்." அவர் சிரிக்கவில்லை. தமிழிலேயே, "எத்தனை மாசமா கரைக்குது?" என்று கேட்டார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கேள்விகள். தூக்கம், சாப்பாடு, குடி, வேலை, குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா. கடைசிக் கேள்விக்கு இல்லை என்று சொன்னேன். அது தப்பான பதில் என்று அப்போது எனக்கே தெரியாது.

எழுதிக்கொடுத்தது எஸ்சிடலோப்ராம். முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. முதல் சில வாரங்களுக்கு மட்டும் இரவில் கொஞ்சம் குளோனசெபாம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை டாக்டர் தெளிவாகச் சொன்னார். குளோனசெபாம் உடனே அமைதி தரும், ஆனால் பழகிப்போகும், அதனால் சீக்கிரம் குறைத்து நிறுத்த வேண்டும். எஸ்சிடலோப்ராம் அப்படிப்பட்டது அல்ல. மூளையில் செரடோனின் என்ற பொருள் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கிறது. பலன் தெரிய நான்கு, ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்கு முன் கொஞ்சம் மோசமாகவும் தோன்றலாம். கூடவே, எண்ணங்களை மடக்கிப் பிடித்துக் கேள்வி கேட்கப் பழக்கும் பேச்சு சிகிச்சைக்கும் அனுப்பினார்.

மாத்திரை அட்டை 11 நாட்கள் என் ஆபீஸ் பையில் கால்குலேட்டரோடு கிடந்தது. மனைவிக்கு மட்டும் தெரியும். அவள் வற்புறுத்தவில்லை. இரவில், "போட்டீங்களா?" என்பாள். "நாளைக்கு" என்பேன்.

ஏன் போடவில்லை என்று இன்று யோசித்தால், பக்க விளைவு பற்றிய பயம் அல்ல. அதைப் போட்டால் இதுநாள்வரை நான் என்று நினைத்துக்கொண்டிருந்த ஆள் பொய்யாகிவிடுவான் என்று தோன்றியது. கணக்கில் ஒரு பைசா தப்பவிடாதவன், வீட்டில் எல்லோருக்கும் தைரியம் சொல்கிறவன். அவனுக்கு ஒரு வெள்ளை மாத்திரை முட்டுக்கொடுக்க வேண்டுமா? ஒரு கல்யாணத்தில் மாமா ஒருவரிடம் லேசாக வாய்விட்டேன். "மனசைத் திடப்படுத்திக்கோ. இதெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு. ஒரு தடவை ஆரம்பிச்சா விடாது. மூச்சுப் பயிற்சி பண்ணு" என்றார். மூச்சுப் பயிற்சியை நான் ஏற்கெனவே செய்து பார்த்திருந்தேன். மூச்சை எண்ணுவதும் தணிக்கை செய்ய வேண்டிய இன்னொரு கணக்காகிவிட்டது. பலருக்கு அது பயன்படுகிறது. எனக்கு நான்கு மணிக்குப் பயன்படவில்லை.

வெள்ளைக்காரன் சரக்கு விஷயத்தில் மாமாவுக்கு ஒரு தகவல் தெரியாது. சர்ப்பகந்தி வேரை நம் நாட்டில் புத்தி கலங்கியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் பழையது. வடக்கே அதன் பெயரே 'பாகல் கி தவா', பைத்திய மருந்து. 1931இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வங்க மருத்துவர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். ரத்த அழுத்தத்தை அது குறைப்பதையும் குறிப்பிட்டிருந்தார்கள். 1952இல் அதிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டு உலகெங்கும் மனநல மருத்துவமனைகளுக்குப் போனது. பிறகு அதைவிட நல்ல மருந்துகள் வந்து அதை ஓரம்கட்டின என்பது வேறு கதை. மனக்கலக்கத்துக்கும் பிரஷருக்கும் ஒரே வேர் என்பது மட்டும் என் நினைவில் தங்கிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் போட்டேன். துணிச்சல் வந்து அல்ல. மாதக் கடைசி, மூன்று இரவுகள் தூக்கம் இல்லை, அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் குமட்டல், கொட்டாவி. படபடப்பு முன்னைவிட அதிகம். தாம்பத்தியத்திலும் ஒரு மந்தம். இதைப் பலரும் டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டே மருந்தை விட்டுவிடுகிறார்களாம். ஐந்தாவது வாரம் சில்க் போர்டு சந்திப்பில் பஸ் வழக்கம்போல் நாற்பது நிமிடம் நின்றது. முப்பதாவது நிமிடத்தில்தான் கவனித்தேன், நான் எதைப் பற்றியும் யோசிக்கவில்லை. முன்சீட்டுக் குழந்தை கடலை உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. சும்மா இருந்தேன். அதற்கு முன் எப்போது அப்படிச் சும்மா இருந்தேன் என்று நினைவில்லை.

ஏழாவது மாதம் ஒரு தப்புச் செய்தேன். நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு என்று யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். மூன்றாம் நாள் தலையைத் திருப்பினால் உள்ளே மின்சாரம் வெட்டுவதுபோல ஒரு 'சுரீர்'. தலைச்சுற்றல், எரிச்சல். அது தானாக அடங்கியது. ஆனால் ஆறு வாரம் கழித்து நான்கு மணி விழிப்பு திரும்பி வந்தது. டாக்டர் கோபிக்கவில்லை. நன்றாக உணர ஆரம்பித்த பிறகும் ஏறத்தாழ ஓராண்டு தொடர வேண்டும், நிறுத்துவதானால் படிப்படியாகத்தான் என்று முன்பே சொன்னதை மறுபடி சொன்னார்.

அந்த இரண்டாவது சுற்றில்தான் அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு 78 வயது. பிரஷர், சர்க்கரை, தைராய்டு மூன்றுக்கும் மாத்திரை. சாப்பாட்டு மேஜை மீது ஏழு நாளுக்கும் காலை, இரவு என்று அறைகள் வைத்த பிளாஸ்டிக் டப்பா. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதைக் காட்டுவாள். நானோ சமையலறையில் முதுகைத் திருப்பி விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"என்னடா கண்ணு அது?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "பயத்துக்கும்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கப்பாவுக்கு இது இருந்திருக்கணும்" என்றாள்.

அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தவர். 1998இல் இறந்தார். திருப்பத்தூருக்குப் போக ஜோலார்பேட்டை ரயிலுக்கு மூன்று மணி நேரம் முன்பே எங்களைக் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் உட்காரவைப்பார். இரவில் நான்கைந்து முறை எழுந்து தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். நாங்கள் அதைப் பொறுப்பு என்று நினைத்தோம். 'நரம்புத் தளர்ச்சி' என்று அவரே பெயர் வைத்துக்கொண்டு பத்திரிகை விளம்பரம் பார்த்து லேகியம் வாங்கினார், பி காம்ப்ளெக்ஸ் ஊசி போட்டுக்கொண்டார். சம்பளத்தில் கணிசமான பங்கு அதற்கே போயிற்று. அவர் வேலை பார்த்த ஊரில்தான் 1954 முதல் அகில இந்திய மனநலக் கழகம் இருந்தது. அதுவே 1974இல் நிமான்ஸ் ஆயிற்று. எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான். அந்தத் தூரத்தை அப்பா கடக்கவில்லை. அவரைப் போலக் கடக்காதவர்கள் ஏராளம். நிமான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் 10.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பதாகக் கண்டது. நோய்க்கு நோய் மாறுபட்டாலும், அவர்களில் 70 முதல் 92 சதவீதத்தினர் சிகிச்சை பெறாதவர்கள்.

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இருக்கிறது. டெலி மானஸ் என்று பெயர். தமிழிலும் பேசலாம். பஸ்ஸில் இறங்க வேண்டியதுகூட இல்லை.

எனக்கு இன்னும் கூச்சம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆபீஸ் இன்ஷூரன்ஸ் படிவத்தில் 'தொடர்ந்து உட்கொள்ளும் மருந்துகள்' என்ற கட்டத்தை இரண்டு ஆண்டுகள் காலியாக விட்டேன். மனநோய்ச் சிகிச்சைக்கும் உடல்நோய்ச் சிகிச்சைக்குச் சமமாகக் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது என்பதைப் படித்துவிட்டுத்தான் மூன்றாவது ஆண்டு எழுதினேன். சின்ன எழுத்தில்.

டப்பா நிரப்புவது அம்மாவின் ஞாயிற்றுக்கிழமை வேலை. இப்போது என் மாத்திரைக்கும் ஒரு டப்பா வாங்கிவைத்து அதையும் அவளே நிரப்புகிறாள். நான் காலையில் சாப்பிட வேண்டியது என்று எத்தனை முறை சொன்னாலும் இரவு அறையில்தான் போடுகிறாள். "பயம் ராத்திரிதானே வருது?" என்கிறாள். அவள் தூங்கப் போன பிறகு ஏழையும் எடுத்துக் காலை அறைக்கு மாற்றிவைக்கிறேன்.